1291 பதிவேட்டை வைத்து போப்பின் 'பத்திலொன்று' வரியைக் கணக்கிடுவது எப்படி

இங்கிலாந்து, வேல்ஸ் குருக்களின் வருமானத்தில் பத்திலொன்றை ஆறு ஆண்டுகளுக்கு வசூலிக்க போப் நான்காம் நிக்கோலஸ் அனுமதி கொடுத்தார். சிலுவைப்போர்ச் செலவு என்று சொல்லி அரசர் முதலாம் எட்வர்டுக்குக் கொடுத்த வரி இது. அந்தப் படையெடுப்பு நடக்கவே இல்லை. வசூலுக்காக 1291-92இல் எடுத்த மதிப்பீடுதான் இந்தப் பதிவேடு; அது 1535 வரை நிலைத்தது. தசமபாகம் வேறு: விசுவாசிகள் கொடுக்க, குருவுக்கு வரும் வரவு அது. இது குரு கட்டும் வரி.

பிழை பெரும்பாலும் தொகையைப் படிக்கும்போதே நுழைந்துவிடும். ரோமன் எண்ணின் கடைசிக் கோடு வால் நீண்டு தெரிந்தாலும் அது ஒன்றுதான். நான்கின் தலைமேல் சின்னதாக இரண்டு எக்ஸ் இருந்தால் நாலு இருபது, அதாவது 80. 24 என்று படித்தால் கணக்கு போச்சு. 'ஓபி' என்ற சுருக்கம் அரைப் பென்னி, 'குவா' கால் பென்னி.

எல்லாவற்றையும் பென்னிக்கு மாற்றிவிடுங்கள். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். மார்க் என்பது நாணயமல்ல, கணக்கில் மட்டும் வரும் அலகு: 160 பென்னி. 6 ஷில்லிங் 8 பென்னி என்று முடியும் தொகைகள் அடிக்கடி வந்தால், மதிப்பிட்டவர் மார்க்கில் கணக்குப் போட்டிருக்கிறார்.

உதாரணமாக ஒரு கோயிலின் (தேவாலயத்தின்) ஆண்டு வருமான மதிப்பு 13 பவுண்ட் 6 ஷில்லிங் 8 பென்னி என்று வைத்துக்கொள்வோம். அது 3,200 பென்னி, சரியாக 20 மார்க். வரி 320 பென்னி, அதாவது 26 ஷில்லிங் 8 பென்னி. வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு தவணை என்பதால் தவணைக்கு ஒரு மார்க். அதே கோயிலின் விகாருக்கு (கோயிலின் முழு வருமானத்தையும் பெறாமல் ஒரு பங்கை மட்டும் பெற்று அங்கே பணிசெய்யும் குரு) தனியாக 4 பவுண்ட் போட்டிருந்தால் உடனே பத்தால் வகுக்காதீர்கள். 4 பவுண்ட் என்பது சரியாக 6 மார்க்; 6 மார்க் வரை விலக்கு உண்டு. அவருக்கு வேறு கோயில் வருமானமும் இருந்தால் விலக்கு போய்விடும்.

மடங்களின் நிலவருமானம் தனிப் பட்டியலில் இருக்கும். கோயில் பட்டியலை மட்டும் கூட்டினால் மடத்தின் வரி பாதிகூடத் தேறாமல் போகலாம். வடக்கே ஸ்காட்லாந்துப் படையெடுப்பால் நாசமான பகுதிகளுக்கு 1318இல் குறைத்து மறுமதிப்பீடு செய்தார்கள். அதற்குப் பிந்தைய வசூலுக்குப் புதிய தொகையையே எடுக்க வேண்டும்.

போப்புக்கு ஆண்டுதோறும் போன பீட்டர் பென்னி என்ற காணிக்கையை இதோடு கூட்டாதீர்கள். அது வீட்டுக்கு ஒரு பென்னியாகத் தொடங்கி, பிறகு இங்கிலாந்து முழுவதற்கும் 199 பவுண்ட் 6 ஷில்லிங் 8 பென்னி என்று உறைந்துபோனது. லிங்கன் மறைமாவட்டத்தின் பாகம் 42 பவுண்ட், யார்க்கின் பாகம் 11 பவுண்ட் 10 ஷில்லிங்.