நிறம் மாறாத பாசிப்பயறு நீர்: சீன மருத்துவ முறையில் ஒரு கோடைப் பானம்

பெய்ஜிங்கில் ஜூலை நடுப்பகுதியில் தொடங்கும் 'சான்ஃபூ' நாட்களில்தான் வெப்பமும் புழுக்கமும் சேர்ந்து ஆளை வாட்டுகின்றன. ஆண்டைப் பொறுத்து 30 அல்லது 40 நாட்கள் நீடிக்கும் இக்காலத்தில், ஈரத்தோடு கூடிய வெப்பம் உடலின் நீரையும் 'சீ' எனப்படும் உயிராற்றலையும் வியர்வை வழியே வெளியேற்றிவிடுகிறது என்பது சீன மருத்துவத்தின் கருத்து. அதற்கு வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடிப்பது 'லூதோ தாங்' என்னும் பாசிப்பயறு நீர். இங்கு வந்து குடியேறிய பின் ஒவ்வொரு கோடையிலும் இதைக் காய்ச்சிவருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை: தோலுடன் கூடிய முழுப் பாசிப்பயறு 100 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, விருப்பப்பட்டால் சிறிது கற்கண்டு. பாத்திரம் எவர்சில்வராகவோ மண்சட்டியாகவோ இருக்கட்டும்; இரும்புச் சட்டி கூடவே கூடாது, ஏனெனில் பயற்றுத் தோலிலிருந்து இறங்கும் பாலிஃபீனால்கள் என்னும் தாவர வேதிப்பொருட்கள் இரும்போடு சேர்ந்து நீரைக் கருக்கச் செய்துவிடும். என் தேர்வு, இறுக்கமாக மூடும் கண்ணாடி மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம். மூடியைத் திறக்காமலே உள்ளே நடப்பதைப் பார்க்க முடிவது இந்த வேலைக்கு மிகவும் உதவுகிறது.

முதற் படியாகப் பயற்றைக் கல் நீக்கிக் கழுவி, நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். தெளிநீர் மட்டும் வேண்டுமென்றால் ஊறவைக்கத் தேவையில்லை. அடுத்து, பாத்திரத்தில் தண்ணீரை மட்டும் ஊற்றி நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கொதித்த பிறகுதான் எலுமிச்சைச் சாற்றையும் பயற்றையும் போட்டு உடனே மூட வேண்டும்.

நீர் பச்சையாக நிற்பதா, செம்பழுப்பாக மாறுவதா என்பது இந்த இடத்தில்தான் முடிவாகிறது. என் அடுப்பில் முதலில் கிடைத்தது சிவந்த நீர்தான். பயறு பழையதோ என்று ஐயுற்று வேறு பயறு வாங்கிக் காய்ச்சியும் நிறம் மாறவில்லை. காரணம் தண்ணீரில் இருந்தது. தோலிலுள்ள பாலிஃபீனால்கள் வெந்நீரில் கரைந்து காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும்போது செந்நிறப் பொருட்களாக மாறுகின்றன. தண்ணீர் காரத்தன்மை உடையதாக இருந்தால் இந்த மாற்றம் இன்னும் விரைவாக நடக்கிறது. பெய்ஜிங்கின் குழாய்நீர் கடினநீர், சற்றே காரத்தன்மையும் உடையது. அதனால்தான் வடக்கே காய்ச்சும் பயற்றுநீர் பெரும்பாலும் சிவப்பாகவும், மென்னீர் கிடைக்கும் தெற்கே பச்சையாகவும் இருக்கிறது. ஒரே பயற்றைக் குழாய்நீரிலும் சுத்திகரித்த நீரிலும் அருகருகே காய்ச்சிப் பார்த்தால் இந்த வேறுபாட்டை நீங்களே காணலாம். ஆகவே சுத்திகரித்த நீரைப் பயன்படுத்துங்கள். எலுமிச்சையின் புளிப்பு எஞ்சிய காரத்தைத் தணிக்கும், முன்கூட்டியே கொதிக்கவைத்தல் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைக்கும், மூடி வெளிக்காற்றைத் தடுக்கும். பயறு விரைவில் வேகட்டும் என்று சோடா உப்பு சேர்க்கும் வழக்கத்தை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். அது நிறத்தைக் கெடுப்பதோடு பி வகை வைட்டமின்களையும் அழிக்கிறது.

சிவந்த நீரும் நஞ்சன்று. அதைக் கொட்டிவிட வேண்டாம். ஆனால் பாலிஃபீனால்கள் மாறாமல் இருக்கும் பச்சை நீரையே நான் விரும்புகிறேன்.

பயறு போட்டபின் நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் போதும். பயறு வெடிப்பதற்கு முன்பே தெளிநீரை வடித்தெடுங்கள். வெப்பம் தணிக்கும் பானம் அதுதான். சீன மருத்துவரான லி ஷிஜென் 1578-இல் எழுதி முடித்த 'பென்ட்சாவ் காங்மு' என்னும் மருந்தியல் நூல், பாசிப்பயற்றின் தோல் குளிர்ச்சி உடையது என்றும் உட்பருப்பு நடுநிலையானது என்றும் கூறுகிறது. தோலின் சாறு மட்டும் இறங்கிய நிலையிலேயே நீரை வடிக்கும் வழக்கத்துக்கு அடிப்படை இந்தக் கருத்துதான். எஞ்சிய பயற்றில் மீண்டும் நீர் ஊற்றி அரை மணி நேரம் வேகவைத்துக் கற்கண்டு சேர்த்தால் மாலைச் சிற்றுண்டி ஆயிற்று.

தெளிநீரை அறை வெப்பத்துக்கு ஆறவைத்து, பிற்பகலில் ஒரு குவளை குடியுங்கள். பனிக்கட்டி சேர்ப்பது மண்ணீரலையும் இரைப்பையையும் நலியச் செய்யும் என்பது சீன மருத்துவத்தின் உறுதியான நிலைப்பாடு. பச்சை நிறம் காற்றுப் பட்டுச் சில மணி நேரத்தில் மங்கும் என்பதால், அன்றைக்குக் காய்ச்சியதை அன்றே முடித்துவிடுவது நல்லது.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்த சிலர் நீர் மஞ்சளாக வந்ததாக எழுதியிருந்தார்கள், விசாரித்ததில் அவர்கள் பயன்படுத்தியது தோல் நீக்கிய பாசிப்பருப்பு. தோல் இல்லாமல் இந்தப் பானம் இல்லை. பிரஷர் குக்கரில் நிறம் ஓரளவு நிற்கும். ஆனால் பயறு குழைந்துவிடுவதால் தெளிநீர் கிடைக்காது. கற்கண்டுக்குப் பதிலாக வெல்லம் சேர்க்கலாமா என்றும் கேட்டார்கள். சீன மருத்துவம் பழுப்புச் சர்க்கரையைச் சூடு தரும் பொருளாகவும் கற்கண்டை நடுநிலையானதாகவும் வகுக்கிறது. அந்தக் கணக்கில் வெல்லம் இங்கே பொருந்தாது.

இந்த நீர் எல்லோருக்கும் ஏற்றதன்று. எளிதில் வயிற்றுப்போக்கு ஏற்படுபவர்களும், கோடையிலும் கைகால் சில்லிட்டிருப்பவர்களும் குறைவாகவே குடிக்க வேண்டும். வேண்டுமானால் காய்ச்சும்போது ஒரு துண்டு இஞ்சி சேர்க்கலாம். சீன மூலிகைக் கஷாயம் உட்கொள்பவர்கள், பாசிப்பயறு மருந்தின் வீரியத்தைக் குறைக்கும் என்ற மரபு இருப்பதால், தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் அப்படியே. வெயிலில் ஒருவருக்கு உடல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்குதலின் (ஹீட் ஸ்ட்ரோக்) அறிகுறி. அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல், நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீரால் உடலைக் குளிர்வித்தபடி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.