எடிசன் டவுனோட பழைய கதையை கவுன்ட்டி ஹிஸ்டரி புத்தகத்துல தேடி எடுக்கிறது எப்படி?

நாலாம் க்ளாஸ் படிக்கிற பொண்ணுக்கு ஸ்கூல்ல ப்ராஜெக்ட் குடுத்தாங்க, உங்க ஊர் 150 வருஷம் முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எழுதணும். நாங்க இருக்கிறது நியூஜெர்சி எடிசன்ல. நானும் உக்காந்து எடிசன் எடிசன்னு தேடுறேன், பல்பு கண்டுபிடிச்ச தாமஸ் எடிசன் தான் பக்கம் பக்கமா வர்றாரு, ஊரை காணோம். ரெண்டு நாள் கழிச்சு தான் புரிஞ்சுது, 1954 நவம்பர் வரைக்கும் இந்த ஊருக்கு எடிசன்னு பேரே கிடையாது. அதுக்கப்புறம் ஒரு வருஷமா கவுன்ட்டி ஹிஸ்டரி, அதாவது ஒவ்வொரு கவுன்ட்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வரலாற்றை எழுதின பழைய புத்தகங்களை விடாம படிக்கிறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் கத்துக்கிட்ட வழியை சொல்றேன், உங்க ஊர் வேற மாநிலத்துல இருந்தாலும் இதே முறை தான்.

ஸ்டெப் 1: ஊரோட பழைய பேரை பிடிங்க

இதை செய்யாம மேல போகாதீங்க. எடிசன் ஊரோட பழைய பேர் ராரிடன் டவுன்ஷிப் (டவுன்ஷிப்னா கவுன்ட்டிக்குள்ள இருக்கிற ஒரு நிர்வாகப் பகுதி). 1870ல உட்பிரிட்ஜ்லயும் பிஸ்காட்டவேலயும் இருந்து கொஞ்சம் கொஞ்சம் பிச்சு இதை உருவாக்கினாங்க, அப்புறம் இதுல இருந்தே 1900ல மெட்டச்சன் தனியா போச்சு, 1905ல ஹைலண்ட் பார்க் தனியா போச்சு. அப்போ 1800ல உங்க வீடு இருக்கிற இடத்துல யார் இருந்தாங்கன்னு தெரியணும்னா உட்பிரிட்ஜ், பிஸ்காட்டவே ரெண்டு பேர்லயும் தேடணும். போன்ஹம்டவுன், மென்லோ பார்க், ஓக் ட்ரீ மாதிரி குட்டி ஊர் பேரையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. டவுன்ஷிப் பேர் மாறினாலும் இந்த குட்டி பேர்கள் அப்படியே நிக்குது, நாம சனிக்கிழமை மளிகைக்கும் தோசைக்கும் போற ஓக் ட்ரீ ரோடு இருக்கே, அந்த ஓக் ட்ரீ பக்கத்துல தான் 1777 ஜூன் 26 அன்னைக்கு வாஷிங்டன் படைக்கும் பிரிட்டிஷ் படைக்கும் ஷார்ட் ஹில்ஸ் சண்டை நடந்துச்சு. எனக்கு அதை படிச்சப்போ உடம்பு சிலிர்த்துடுச்சு.

கவுன்ட்டி எல்லையும் மாறும். இப்போ யூனியன் கவுன்ட்டில இருக்கிறவங்க 1857க்கு முந்தின விஷயத்தை எசெக்ஸ் கவுன்ட்டில தேடணும், ஏன்னா அதுல இருந்து பிரிஞ்சது தான் யூனியன்.

ஸ்டெப் 2: எந்த புத்தகம்னு முடிவு பண்ணுங்க

1876ல அமெரிக்காவுக்கு 100 வயசு ஆச்சு. ஒவ்வொரு ஊரும் கவுன்ட்டியும் தன்னோட வரலாற்றை எழுதி ஜூலை 4 அன்னைக்கு வாசிக்கணும்னு அமெரிக்க காங்கிரஸே கேட்டுக்கிச்சு. அந்த சூட்டுல கம்பெனிகள் ஊர் ஊரா ஆள் அனுப்பி முன்பணம் வாங்கி தடி தடியா கவுன்ட்டி ஹிஸ்டரி போட்டாங்க. எங்க மிடில்செக்ஸ் கவுன்ட்டிக்கு ரெண்டு முக்கியம்: ஒண்ணு 1882ல கிளேட்டன் எழுதினது, யூனியன் மிடில்செக்ஸ் ரெண்டு கவுன்ட்டியும் சேர்த்து எண்ணூறு பக்கத்துக்கு மேல போகும். இன்னொன்னு 1921ல மூணு வால்யூமா வந்தது, பிக்கர்ஸ்கில் தொகுத்தது. போட்டோ தான் வேணும்னா ஆர்க்கேடியா பப்ளிஷிங் போடுற மெல்லிசான 128 பக்க புத்தகங்கள் நல்லா இருக்கும், ஆனா ஆழமா படிக்கணும்னா பழசுக்கு தான் போகணும்.

ஸ்டெப் 3: ஓசியில படிங்க

அமெரிக்காவுல வெளியாகி 95 வருஷம் தாண்டின புத்தகத்துக்கு காப்பிரைட் கிடையாது. அதனால இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திட்ரஸ்ட், கூகுள் புக்ஸ், ஃபேமிலிசர்ச் இந்த வெப்சைட்கள்ல எதுலயாவது பெரும்பாலும் கிடைச்சிடும். கவுன்ட்டி பேர், மாநிலம், ஹிஸ்டரிங்கிற வார்த்தை, இந்த மூணையும் இங்கிலீஷ்ல போட்டு தேடுங்க. காசு குடுத்து ரீப்ரின்ட் வாங்குறதுக்கு முன்னாடி இதை கண்டிப்பா பாருங்க, நான் ஒரு தடவை ஆன்லைன்ல வாங்கினதுல மேப் இருக்கிற மடிப்பு பக்கம் எல்லாம் பாதி வெட்டுப்பட்டு இருந்துச்சு.

ஸ்டெப் 4: உள்ளே தேடுறது

ஸ்கேன் பண்ணின எழுத்தை கம்ப்யூட்டர் தப்பா படிக்கும், வரி முடிவுல உடைஞ்ச பேர் தேடல்ல சிக்காது. பிஸ்காட்டவேயையே பழைய ஆவணங்கள்ல பிஸ்காட்டக்வான்னு எழுதியிருப்பாங்க. அதனால தேடல் பெட்டியை மட்டும் நம்பாதீங்க, பொருளடக்கத்துக்கு போய் உங்க டவுன்ஷிப் அத்தியாயத்தை கண்டுபிடிச்சு அதை முழுசா படிங்க. முதல்ல கவுன்ட்டி பொது வரலாறு, வக்கீல்கள், டாக்டர்கள், பத்திரிகைகள்னு போகும், டவுன்ஷிப் எல்லாம் பின்னாடி தான் வரும்.

ஸ்டெப் 5: யார் காசு குடுத்தாங்கன்னு யோசிச்சுக்கிட்டே படிங்க

இது தான் நான் ரொம்ப சொல்ல நினைக்கிறது. நடுநடுவுல ஒரு தாடிக்காரர் படம் முழு பக்கத்துக்கு வரும், மயிரிழை மாதிரி மெல்லிசான கோடுகள்ல செதுக்கின படம், கீழே அவரோட கையெழுத்து அப்படியே அச்சாகி இருக்கும். அடுத்த பக்கத்துல அவர் எவ்வளவு நேர்மையானவர், சர்ச்சுக்கு எவ்வளவு செஞ்சார்னு புகழ்ச்சி. இந்த மாதிரி புத்தகங்கள்ல படமும் வாழ்க்கை குறிப்பும் பெரும்பாலும் சந்தாவோ பணமோ கட்டினவங்களுக்கு தான், விவரம் குடுத்ததும் அவங்களே. அதனால பிறந்த தேதி, நிலம் வாங்கின வருஷம் இதையெல்லாம் குறிச்சுக்கோங்க, குணத்தை பத்தி சொல்றதை ஓரமா வைங்க. 1880 சென்சஸ்ல அதே வீட்டு பேரை எடுத்து பாருங்க, புத்தகத்துல பேரே வராத வேலைக்காரர், சமையல்காரி, வயசு எல்லாம் வரிசையா இருக்கும். 1890 சென்சஸ்ல பெரும்பகுதி 1921 தீ விபத்துக்கு அப்புறம் இல்லாம போச்சு, அதனால 1880க்கு அடுத்து நேரா 1900க்கு போகணும்.

இந்த மண்ணுல முதல்ல இருந்த லெனாப்பே மக்களுக்கு இந்த புத்தகங்கள்ல சில பக்கம் தான் கிடைக்கும், அதுவும் நிலத்தை வித்துட்டு போயிட்டாங்கங்கிற மாதிரி. நியூஜெர்சில அடிமை முறையை படிப்படியா ஒழிக்க 1804ல தான் சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம் அடிமைகளுக்கு பிறந்த பசங்களும் ஆணா இருந்தா 25 வயசு, பெண்ணா இருந்தா 21 வயசு வரைக்கும் உழைச்சு தான் ஆகணும். உங்க புத்தகத்துல வர்ற பெரிய பண்ணைக்காரர் வயல்ல யார் வேலை செஞ்சாங்கன்னு கேட்டுக்கிட்டே படிங்க, பதில் அதே புத்தகத்துல இல்லைன்னா உயிலையும் நிலப் பத்திரத்தையும் தேடி போகணும்.

ஸ்டெப் 6: நேர்ல போங்க

நியூ பிரன்ஸ்விக்ல ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி லைப்ரரில நியூஜெர்சிக்குன்னே பெரிய கலெக்ஷன் வச்சிருக்காங்க. போறதுக்கு முன்னாடி மெயில் போட்டு என்ன புத்தகம், எந்த பக்கம்னு சொல்லிட்டா எடுத்து வைப்பாங்க. பேனா உள்ளே கொண்டு போக முடியாது, பென்சில் எடுத்துக்கோங்க.

நோட்ல எழுதும்போது புத்தகம், வருஷம், பக்கம் மூணையும் சேர்த்து எழுதுங்க. எங்க பொண்ணு ப்ராஜெக்ட்ல மென்லோ பார்க்ல தாமஸ் எடிசனோட லேப்ல வேலை செஞ்ச ஆளுங்க தங்கி சாப்பிட்ட சாரா ஜோர்டன் வீட்டை பத்தி எழுதிட்டு, அந்த வீட்டை போய் பாக்கலாம்பான்னு கேட்டா. அது இப்போ எடிசன் ஊர்லயே இல்ல, 1929ல ஹென்றி ஃபோர்டு அதை மிச்சிகன் டியர்போர்னுக்கு கொண்டு போயிட்டாரு. வர்ற கோடை லீவுக்கு அங்க தான் போறோம்.