ஆதாரை அவசரப்பட்டு மாற்றாதீர்கள்: திருநர்கள் பாலினம், பெயர் மாற்றும் வரிசை

ஆதாரில் பெயரை இரண்டு முறை திருத்தலாம். பாலினத்தை ஒரே முறைதான். அதனால் மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாளச் சான்றிதழ் கைக்கு வந்த சூட்டோடு ஆதார் மையத்துக்கு ஓட வேண்டாம். கடைசியில் எல்லாத் தாளிலும் என்ன இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இது 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுச் சான்றிதழ்; அதில் 'டிரான்ஸ்ஜெண்டர்' என்றே வரும். 'பெண்' அல்லது 'ஆண்' என்று வேண்டுமானால் 7-ஆம் பிரிவின்படி திருத்திய சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு, அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் மருத்துவக் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அலுவலரோ தரும் சான்று தேவை. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நம்பி வராதீர்கள். சென்னையிலோ மதுரையிலோ சிகிச்சை எடுத்தவர்கள் ஊருக்கு பஸ் ஏறும் முன்பே இந்தச் சான்றை வாங்கிவிடுவது நல்லது. அட்மிஷன் பழைய பெயரில் இருந்தால் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம் எல்லாம் 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். அந்தப் பக்கத்துக்காரர்கள் கொக்கிரகுளத்திலுள்ள நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தால் பஸ் காசுதான் வீண்.

அடுத்தது அரசிதழில் பெயர் மாற்றம். எழுதுபொருள் அச்சுத் துறை வெளியிடும் அறிவிப்பில் பழைய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, 'இனி இவ்வாறு அழைக்கப்படுவார்' என்று புதுப் பெயர், எல்லாம் இருக்கும். பழைய ஆளும் புது ஆளும் ஒருவர்தான் என்பதற்கு இதைவிட உறுதியான தாள் வேறில்லை.

நம் பக்கத்தில் பெரிய தொல்லை பாலினம் அல்ல, எழுத்துக்கூட்டல். இசக்கிமுத்து இசக்கியம்மாள் ஆகிறார் என்று வையுங்கள். 'இசக்கி'யை ஆங்கிலத்தில் ஐ போட்டும் எழுதுவார்கள், ஈ போட்டும் எழுதுவார்கள். தகப்பனார் சுடலைமுத்து என்றால் எஸ்-ஸா, சி எச்-சா என்று அடுத்த குழப்பம். போதாக்குறைக்கு ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். பான் கார்டும் பாஸ்போர்ட்டும் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும். ஆகவே அரசிதழுக்கு எழுதும்போதே தந்தை பெயரை முழுதாக விரித்து, ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எந்தக் கவுண்டரிலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

இப்போது ஆதார். பெயரையும் பாலினத்தையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். கைரேகை வைக்க வேண்டியிருப்பதால் நேரில்தான் போக வேண்டும். ஆபரேட்டர் தட்டச்சு செய்ததைத் திரையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்த பிறகே சரி சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு வந்தபின் பிழை கண்டால், பெயருக்கு உள்ள இரண்டு வாய்ப்பில் ஒன்றும், பாலினத்துக்கு உள்ள ஒரே வாய்ப்பும் போய்விடலாம்.

பிறகு பான். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரோடு பொருந்தாவிட்டால் இணைப்பு நிற்காது. வங்கி, ரேஷன் கார்டு அதற்குப் பிறகு போதும். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8.

பழைய பெயரில் உள்ள எதையும் கிழித்துப் போடாதீர்கள். மதிப்பெண் பட்டியல் மாறும்வரை வேலைக்குப் போகும் இடத்தில் அதையும் அரசிதழ் நகலையும் சேர்த்தே காட்ட வேண்டியிருக்கும்.