வளையம் மாட்டினால் போதுமா? டிவியைத் திறக்கும்போது நடக்கும் தவறுகள்

போன ஐப்பசியில் குளச்சலிலிருந்து ஒரு பையன் 43 அங்குல எல்.இ.டி. டிவியைத் தக்கலையில் என் கடைக்குக் கொண்டுவந்தான். பின்மூடி ஏற்கெனவே கழன்றிருந்தது. இடது மணிக்கட்டில் நீல நிறத்தில் ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் சுருள் வயர், வயர் முனையில் கிளிப்.

“சத்தம் வருது, படம் வரல அண்ணே. நாமளே பாத்துருவோம்னு தொறந்தேன். ஸ்டேட்டிக் அடிச்சிரக் கூடாதுன்னு வளையமும் போட்டுக்கிட்டேன்.”

“கிளிப்ப எங்க மாட்டுன மக்கா?”

பவர் போர்டில், சார்ஜைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டருக்குப் பக்கத்தில் நின்ற, சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்கைக் காட்டினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வளையத்தைக் கழற்றச் சொல்லி மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஒரு மெகா ஓம் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் ‘பீப்’ என்று கத்தியது. உள்ளே ரெசிஸ்டரே இல்லை, வெறும் வயர். பிளக்கை மாட்டினாயா என்று கேட்டேன். “மாட்டப் போனேன், அதுக்குள்ள அம்மா சாப்பிடக் கூப்பிட்டா” என்றான்.

அந்தச் சாப்பாடு அவனைக் காப்பாற்றியது. அவன் செய்தது அசட்டையால் வந்த தவறு இல்லை. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததுதான். டிவி வேலையில் குழப்பம் வருவதே இங்கேதான். ஸ்டேட்டிக்கிலிருந்து, அதாவது உரசலில் நம் உடம்பில் ஏறும் சார்ஜிலிருந்து, போர்டைக் காப்பாற்ற நம் உடம்பு எர்த்தோடு, இல்லையென்றால் டிவியின் தகட்டோடாவது, சேர்ந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து வரும் மெயின்ஸ் கரண்டிலிருந்து நம்மைக் காப்பாற்ற உடம்பு எர்த்தை விட்டு விலகியிருக்க வேண்டும். பிளக் வெளியே இருக்கும்போது முதலாவது, பிளக் மாட்டியிருக்கும்போது இரண்டாவது. வளையம் கையில் இருக்கும்போது பிளக் சுவரில் இருக்கவே கூடாது. வளையத்துக்குள் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் வைப்பது, தப்பித்தவறி எங்காவது கரண்டு பட்டாலும் உடம்பு வழியே ஓடும் அளவு மிகக் குறைவாக இருக்கட்டும் என்பதற்காக. மலிவு வளையத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். வாங்கியதும் மீட்டரில் வைத்துப் பார்த்துவிடுங்கள். வயரே இல்லாத வளையம் என்றும் ஒன்று விற்கிறார்கள். அதைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாம்.

“கிரவுண்டுன்னா எல்லாம் ஒண்ணுதானே?”

இல்லை. பவர் போர்டைக் கையில் எடுத்தால் நடுவே வெள்ளைக் கோடோ, தடமே ஓடாத ஒரு வெற்று இடைவெளியோ தெரியும். ஒரு பக்கம் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் நேராக பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் போய் ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி. ஆகிறது. இந்தப் பக்கத்தின் நெகட்டிவைத்தான் ஹாட் கிரவுண்ட் என்கிறோம். பேரில் கிரவுண்ட் இருக்கிறதே தவிர அது மெயின்ஸோடு நேரடியாக ஒட்டிக்கிடக்கும் இடம். ஹீட்சிங்கும் பல போர்டுகளில் இதோடுதான் சேர்ந்திருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம், டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி இருப்பது கோல்டு கிரவுண்ட். மதர்போர்டு, எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டின் உலோகம், பின்பக்கத் தகடு எல்லாம் அதோடு சேர்ந்தவை. வளையத்தின் கிளிப்பை மாட்டுவதானால் அந்தத் தகட்டில்தான், அதுவும் பிளக்கைக் கழற்றிய பிறகு.

இதே குழப்பம் மீட்டரிலும் வரும். கறுப்பு முனையைப் பின்தகட்டில் வைத்துக்கொண்டு சிவப்பு முனையால் பெரிய கெப்பாசிட்டரைத் தொட்டால் மீட்டர் அசையாமல் நிற்கலாம், இல்லையென்றால் ஏதோ ஒரு எண்ணைக் காட்டலாம். ‘சார்ஜ் இல்லை’ என்று நினைத்துக் கையை வைப்பவர்கள் உண்டு. அந்தக் கெப்பாசிட்டரை அதன் இரண்டு கால்களிலும் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

“ரிமோட்ல ஆஃப் பண்ணியாச்சு”

ரிமோட்டில் அணைத்த டிவியில் பவர் போர்டு விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. சுவர் சுவிட்சையும் நம்பாதீர்கள். வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் ஃபேஸ் டிவிக்குள் நிற்கும். பிளக்கை உருவி, அது கண்ணில் படுகிற மாதிரி மேசைமேல் வையுங்கள். என் கடையில் பிளக் மேசைமேல் இல்லாவிட்டால் யாரும் போர்டைத் தொடக் கூடாது, நான் உட்பட.

பிளக்கை உருவிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர் பாக்கி. பலருக்குத் தெரியாத விஷயம்: நன்றாக ஓடுகிற டிவியைவிட செத்துக்கிடக்கும் டிவிதான் இதில் மோசம். ஓடுகிற டிவி, பிளக்கை உருவியதும் மிச்சமிருக்கும் சார்ஜைத் தானே தின்று தீர்த்துவிடும். பவர் போர்டு வேலையே செய்யவில்லை என்றால் தின்ன ஆள் இல்லை, 300 வோல்ட் வெகுநேரம் அப்படியே நிற்கும். பெரிய டிவிகளில், மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் பகுதி ஒன்று இருக்கும், அங்கே 380 முதல் 400 வோல்ட் வரை வரும்.

இதை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடித்து இறக்குவது நம் பக்கம் பழைய வழக்கம். ‘டப்’ என்று ஒரு சத்தம், முனையில் ஒரு கறுப்பு வடு, பார்ப்பவர்களுக்கு மெக்கானிக் மேல் ஒரு மரியாதை. அந்தப் பொறியில் போர்டின் தடம் உரியும், பக்கத்திலிருக்கும் ஐ.சி. போகும், கண்ணில் தெறிக்கும். 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர்வுண்டு ரெசிஸ்டரின் இரு கால்களிலும் நல்ல உறை போட்ட வயரைப் பற்றவைத்து ஒரு கருவி செய்துகொள்ளுங்கள். கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் ஐந்து விநாடி பிடித்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அப்புறம் மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் கை.

பழைய பிக்சர் டியூப் டிவி இப்போது அதிகம் வருவதில்லை. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி மட்டும் அவ்வப்போது ஏதாவது ஒரு பரணிலிருந்து இறங்கி வரும். அதன் டியூபே ஒரு கெப்பாசிட்டர். ரப்பர் மூடிக்குக் கீழே 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். டியூபின் வெளிக் கறுப்புப் பூச்சைத் தொட்டு ஓடும் பின்னல் வயரில்தான் அதை இறக்க வேண்டும், போர்டின் கிரவுண்டில் இல்லை. ஒருமுறை இறக்கினாலும் சிறிது நேரத்தில் மறுபடி கொஞ்சம் ஏறும். ஆகவே இரண்டு மூன்று முறை. பழக்கமில்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமலிருப்பதே மேல்.

“சீரிஸ் பல்பு இருக்குல்ல”

ஃபியூஸ் போன போர்டுக்கு நேரடியாக கரண்டு கொடுக்காமல் 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கொடுப்பது நல்ல பழக்கம். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் நிற்கும், இல்லையென்றால் ஒரு மின்னு மின்னி மங்கிவிடும். ஆனால் அந்தப் பல்பு காப்பாற்றுவது போர்டை. ஆளைக் காப்பாற்றாது. பல்பு வழியே வந்தாலும் ஹாட் பக்கத்தைத் தொட்டால் அடி அடிதான். ஆளுக்குப் பாதுகாப்பு வேண்டுமானால், மெயின்ஸோடு நேரடித் தொடர்பை அறுத்துத் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதிலும் இரண்டு கைகளால் இரண்டு முனையைத் தொட்டால் தப்ப முடியாது. வீட்டிலிருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சும் எர்த்துக்குக் கசியும் கரண்டுக்குத்தான் விழும். கெப்பாசிட்டரில் நிற்கும் சார்ஜ் அதன் கண்ணில் படாது. கரண்டு இருக்கும்போது அளந்துதான் ஆக வேண்டுமென்றால் ரப்பர் செருப்பு, உலர்ந்த தரை, ஒரு கை முதுகுக்குப் பின்னால். குண்டு பல்பு கிடைப்பதே இப்போது கஷ்டமாக இருக்கிறது என்று சிலர் எல்.இ.டி. பல்பைப் போடுகிறார்கள். இந்த வேலைக்கு அது ஆகாது.

ஃபியூஸுக்குப் பதிலாக ஒற்றை வயர் இழையைச் சுற்றிவிடுவதைப் பற்றி நீட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை. செய்யாதீர்கள். ஃபியூஸின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் பின்னால் ஏதோ ஷார்ட் இருக்கிறது. அது எங்கள் ஊரில் பெரும்பாலும் கருகிய பல்லிதான்.

“நம்ம ஊரு ஈரக்காத்துல ஏது ஸ்டேட்டிக்?”

இரண்டு பருவமழையும் கடலும் உள்ள குமரி மாவட்டம், காற்றில் எப்போதும் ஈரம், ஆகவே ஸ்டேட்டிக் வராது என்று படித்த மெக்கானிக்குகளே சொல்வார்கள். பாதி சரி. ஈரம் ஸ்டேட்டிக்கைக் குறைக்கும், ஒழிக்காது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்போதுகூட மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கினால் ஆயிரம் வோல்ட் அளவுக்கு ஏறலாம். உலர்ந்த காற்றில் அதுவே இருபதாயிரத்தைத் தொடும். மனிதனுக்குச் சுருக்கென்று உறைக்கவே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில ஐ.சி.க்கள் சாவதற்கு நூறு வோல்ட்டே போதும். அதாவது நமக்குத் தெரியாமலே போர்டை அடித்துவிட முடியும். அடிபட்ட ஐ.சி. உடனே சாக வேண்டும் என்றும் இல்லை. கடையில் ஓடும், வீட்டில் ஒரு மாதம் ஓடும், பிறகு நிற்கும். வாடிக்கையாளர் நம்மைத் திட்டுவார், நாம் போர்டு கொடுத்தவரைத் திட்டுவோம்.

நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: மதர்போர்டை ஜவுளிக்கடை பாலித்தீன் கவரில் போட்டு, தெர்மோகோல் துண்டின்மேல் வைத்துக் கொண்டுவருவார்கள். பத்திரமாகக் கொண்டுவருகிறார்களாம்! பாலித்தீனும் தெர்மோகோலும் உரசலில் சார்ஜைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரர்கள். வெள்ளி நிறப் பை இல்லையென்றால் வெறும் அட்டைப் பெட்டியே மேல். வெள்ளிப் பை இருக்கிறது என்று அதன்மேல் போர்டை வைத்துக் கரண்டு கொடுத்துப் பார்க்கவும் கூடாது. அந்தப் பையில் இருப்பது உலோகப் பூச்சு.

வீட்டுக்குப் போய் வேலை செய்யும்போது எர்த்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாம், டிவி, புதுப் போர்டு மூன்றும் ஒரே நிலையில் இருந்தால் போதும். பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிட்டு, ஒரு கையால் பின்தகட்டைத் தொட்டபடி, போர்டு இருக்கும் பையையும் தகட்டில் தொட வைத்து, பிறகு போர்டை ஓரத்தில் பிடித்து எடுங்கள். சுவர் சாக்கெட்டின் எர்த் ஓட்டையில் வளையத்தைச் சொருக நினைக்கவே வேண்டாம். எர்த் குழியை எடுக்கச் சோம்பல்பட்டு நியூட்ரலையே அங்கே லூப் அடித்துவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நியூட்ரல் அறுந்த அன்று அந்த ஓட்டையில் ஃபேஸ் நிற்கும்.

தூசிக்கு வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கைப் போர்டில் உரசுவதும் ஸ்டேட்டிக்தான். மெல்லிய பெயிண்ட் பிரஷ் போதும். பற்றவைக்கும் அயர்ன் மூன்று பின் எர்த்தோடு இருக்கட்டும்.

உப்பு

முட்டம், கடியபட்டணம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரப் பக்கமிருந்து வரும் டிவிகளைத் திறந்ததுமே தெரியும். கனெக்டர் கால்களில் பச்சை பூத்திருக்கும், திருகுகள் துருவில் உடையும். இதற்கு எல்லோரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் தேய்க்கிறார்கள். எண்ணெயும் பசையும் போகும், உப்பு போகாது. சாப்பாட்டு உப்பு அந்த ஆல்கஹாலில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். மறுபடி ஈரத்தை இழுத்து, மறுபடி கசியும். கழற்றியெடுத்த போர்டை முதலில் டிஸ்டில்டு வாட்டரில், பேட்டரிக் கடையில் விற்பதுதான், பிரஷால் கழுவ வேண்டும். அப்புறம் ஆல்கஹாலில் கழுவினால் அது தண்ணீரை விரட்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகுதான் கரண்டு. தின்னரும் பெட்ரோலும் பக்கத்திலேயே வரக் கூடாது.

பேனலுக்கு இந்தக் குளியல் கிடையாது. திரையில் நேராகத் தண்ணீர் தெளித்துத் துடைக்கும் வழக்கத்தை விட்டாலே பாதிப் பேனல்கள் பிழைக்கும். வழியும் நீர் கீழ் ஓரத்தில் இறங்கி, அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிமின் தடங்களை அரிக்கும். பிறகு திரையில் செங்குத்தாக ஒரு கோடு, அப்புறம் பத்து கோடு. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. துணியில் நனைத்துத் துடைப்பது எவ்வளவு சுலபம்!

இடி

சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி மழையிலும் மலையோரம் இடி இடித்தால் மறுநாள் எனக்கு வேலை உறுதி. “பிளக்கக் கழட்டிட்டுத்தான் அண்ணாச்சி இருந்தோம்” என்பார்கள். கேபிள் வயர் மட்டும் மாட்டியே இருந்திருக்கும். மின்னலின் வீச்சு அந்த வயரில் வந்து, செட்டாப் பாக்ஸில் ஏறி, எச்.டி.எம்.ஐ. வழியே மதர்போர்டில் இறங்கும். இரண்டையும் கழற்றுங்கள், மழை மேகம் கூடும்போதே. இடிக்கத் தொடங்கிய பிறகு வயரைத் தொடாதீர்கள், டிவி போனால் போகட்டும்.

சரி, அந்தக் குளச்சல் பையனின் டிவி. சத்தம் வந்து படம் வராவிட்டால் திறக்கும் முன்பே ஒரு சோதனை உண்டு. அறையை இருட்டாக்கி, திரையில் சாய்வாக டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் அசைவது தெரியும். அவன் டிவியில் தெரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் ஸ்ட்ரிப்பில் ஒரு எல்.இ.டி. அறுந்திருந்தது, வரிசையாக இணைத்தவை ஆகையால் மொத்தமும் அணைந்துவிட்டது. பவர் போர்டைத் தொடவே தேவையில்லை. பேனலை இருவராகத் தூக்கி, ஸ்ட்ரிப் முழு செட்டையும் மாற்றி, மெனுவில் பேக்லைட்டைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தேன். முழு வெளிச்சத்தில் ஓட்டினால் புதுசும் சீக்கிரம் போகும்.

மூடும்போது அவன் நீளத் திருகு ஒன்றைக் குட்டைத் திருகின் குழியில் வைக்கப் போனான். அது உள்ளே போயிருந்தால் பேனலைக் குத்தியிருக்கும். அதற்காகத்தான் எந்த இடத்துத் திருகு எது என்று தெரியும்படி இட்லித் தட்டின் குழிகளில் பிரித்துப் போடுகிறேன். அந்தத் தட்டு வீட்டிலிருந்து வந்தது. திரும்பக் கொண்டுவா என்று மனைவி இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். ஈயப் பற்று சிந்திய தட்டு, இனி அடுப்படிக்குப் போகாது என்று சொல்லி, போன வாரம் வடசேரியில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.