நூற்பாலைக்குள் நெட்வொர்க் சுவிட்ச் பொருத்துவது எப்படி?

அலுவலகத்தில் ஓடும் சாதாரண நெட்வொர்க் சுவிட்சை (கணினிகளையும் இயந்திரங்களையும் கேபிள் வழியாக இணைக்கும் பெட்டி) ரிங் பிரேம், அதாவது நூல் நூற்கும் இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் வைக்காதீர்கள். அதன் விசிறி பஞ்சுத் தூசியை உள்ளே இழுக்கும். நூல் அறாமலிருக்க கூடத்தில் ஈரப்பதத்தை உயர்த்தி வைத்திருப்பார்கள். பஞ்சு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போர்டின் மேலேயே படியும். சூடும் வெளியேறாது, துருவும் பிடிக்கும்.

1. விசிறி இல்லாத, டின் ரயிலில் (மின் பெட்டிக்குள் கருவிகளை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டும் தொழிற்சாலை வகை சுவிட்சும் 24 வோல்ட் டிசி பவர் சப்ளையும் வாங்குங்கள். சுவிட்ச் குறைந்தது 60 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும்.

2. சுவிட்சை வைக்கும் பெட்டி, ஐபி 65 தரமுள்ள (தூசியும் பீச்சியடிக்கும் நீரும் புகாத) பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டியாக இருக்கட்டும்: உயரம் 400, அகலம் 300, ஆழம் 200 மி.மீ. ‘சூடாகுமே’ என்று பயந்து பலர் பெட்டியில் ஓட்டை போட்டு விசிறி வைக்கிறார்கள். ஓட்டை விழுந்த உடனே ஐபி 65 போய்விட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரில் ஒட்டும் முதுகை விட்டால் மீதிப் பரப்பு 0.4 சதுர மீட்டர். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 5.5 வாட் சூட்டைக் கடத்தும். உள்ளே 20 வாட் சூடு உண்டானால் வெளியைவிட சுமார் 9 டிகிரிதான் கூடும். கூடம் 38 என்றால் உள்ளே 47. அலுவலக சுவிட்சுக்கு இந்தச் சூடு ஆபத்து, தொழிற்சாலை வகை சுவிட்சுக்குச் சாதாரணம்.

3. கேபிள்களைக் கீழ்ப்பக்கமாகவே நுழையுங்கள். கேட் 6 நெட்வொர்க் கேபிளுக்கு எம்16 கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் திருகு மூடி), ஒரு கிளாண்டுக்கு ஒரே கேபிள். முதலில் கேபிளை இழுத்துவிட்டு, பிறகு சுவிட்சில் செருகும் ஆர்ஜே 45 முனையைக் கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). முனை போட்ட கேபிள் கிளாண்டுக்குள் போகாது. காலியான துளைகளை அடைப்பான் போட்டு மூடுங்கள்.

4. பெட்டிக்கும் கதவுக்கும் பச்சை-மஞ்சள் எர்த் வயர் தனித்தனியாகக் கொடுங்கள். கீல் வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், பெயின்ட் அதைத் தடுக்கும்.

5. நெட்வொர்க் கேபிளை மோட்டார் கேபிள்களிலிருந்தும் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கேபிள்களிலிருந்தும் 200 மி.மீ. தள்ளி ஓட்டுங்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். கூடத்துக்குக் கூடம் ஃபைபர்தான் (ஒளியிழைக் கேபிள்). செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை, அதோடு இரு கட்டடங்களின் எர்த் வேறுபாடும் இடியும் அதன் வழியாகவே வரும்.

பெட்டியின் மேல் படியும் பஞ்சை வாரம் ஒருமுறை துணியால் துடையுங்கள். அது போர்வைபோல் சூட்டைத் தேக்கும். கதவைத் திறந்து வைத்துக் கம்ப்ரசர் காற்று அடிக்கவே கூடாது.

எல்லா பிரேம்களும் ஓடும்போது சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தகவல்) எண்ணிக்கையைப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால், முதலில் கிரிம்பையும், பிறகு அந்தக் கேபிள் எந்த மோட்டார் வயரோடு ஒட்டிப் போகிறது என்பதையும் சரிபாருங்கள்.