காலநிலை மாற்றம் நாட்டின் பாதுகாப்பை எப்படிப் பாதிக்கும் என்று மதிப்பிடும் முறை

ஒரு நாட்டின் பாதுகாப்பைக் காலநிலை மாற்றம் எந்த அளவுக்குப் பாதிக்கும் என்று மதிப்பிட முனைபவர், வறட்சி வந்தால் போர் வருமா என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். வெப்பம் தானாகப் போரை மூட்டுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பலவீனங்களைப் பெரிதாக்குகிறது. ஓய்வுபெற்ற அமெரிக்கத் தளபதிகள் குழு ஒன்று 2007-இல் இதை ‘அச்சுறுத்தல் பெருக்கி’ என்று குறிப்பிட்டது. ஆகவே தேட வேண்டியது அந்தப் பலவீனங்களைத்தான்.

படைத்தளங்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு தளமும் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதற்கு மின்சாரமும் குடிநீரும் எந்த வழியாக வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபரில் மைக்கேல் சூறாவளி புளோரிடாவின் டிண்டால் விமானப்படைத் தளத்தைத் தாக்கியபோது, பழுதுபார்ப்பில் இருந்ததால் பறக்க இயலாத எஃப்-22 போர் விமானங்கள் கொட்டகைகளிலேயே விடப்பட்டன. அந்தக் கொட்டகைகளின் கூரைகளைக் காற்று பிய்த்தெறிந்தது.

அடுத்தது உணவு; அதிக நேரத்தை இதற்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் ஆபத்து இங்கே எல்லைக்கு வெளியே பிறக்கிறது. 2010 கோடையில் கடும் வெப்பத்தாலும் வறட்சியாலும் ரஷ்யாவில் விளைச்சல் பொய்த்தது. ஆகஸ்டில் அந்நாடு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது. பெருமளவு கோதுமையை இறக்குமதி செய்யும் எகிப்தில், 2011 சனவரியில் தெருவில் இறங்கியவர்களின் முழக்கம் ரொட்டி என்ற சொல்லில்தான் தொடங்கியது. (எகிப்தியர் ரொட்டியைக் குறிக்கும் ‘ஐஷ்’ என்ற சொல்லுக்கு வாழ்வு என்றும் பொருள்.) அந்த எழுச்சிக்கு நீண்ட கால அடக்குமுறையும் வேலையின்மையும் காரணமாக இருந்தன என்பதால், வெப்பத்தை மட்டும் காரணமாக எழுதினால் மதிப்பீடு பிழையாகிவிடும். எனவே வெப்பத்திலிருந்து கிளர்ச்சி வரையிலான காரணச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக எழுதி, ஒவ்வொன்றிலும் காலநிலையின் பங்கையும் ஆட்சியின் பங்கையும் தனித்தனியே குறியுங்கள்.

நதிநீர் ஒப்பந்தங்கள் எந்தக் காலத்து நீரோட்டத்தை வைத்து எழுதப்பட்டன என்பதையும் பாருங்கள்; 1960-இல் கையெழுத்தான சிந்து நதிநீர் ஒப்பந்தம், பனியாறுகள் வேகமாக உருகும் நிலையைக் கணக்கில் கொண்டதன்று. வெள்ள மீட்புக்கு ஆண்டுக்கு எத்தனை நாள் படையினர் அனுப்பப்படுகிறார்கள், அந்நாட்களில் எல்லைக் காவலுக்கு எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்ற கணக்கும் தேவை.

இறுதியாக, ஒவ்வொரு கண்ணிக்கும் எதிரே அதற்குப் பொறுப்பான துறையின் பெயரை எழுதுங்கள். எந்தத் துறையின் பெயரையும் எழுத முடியாத கண்ணிகளையே அறிக்கையின் முதல் பக்கத்தில் வையுங்கள்.