கிழமை நாள் இரவுக்கு இறால் பிரட்டல்: இறால் இறுகாமல் இருக்க

வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர ஏழு மணியாகிவிடும். எட்டு மணிக்குப் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். அதனால்தான் எங்கள் வீட்டில் கிழமை நாட்களில் கோழியைவிட இறால் அதிகம். நாலைந்து நிமிடத்தில் வெந்துவிடும்.

நாலு பேருக்குக் கோதுடன் 1 கிலோ வாங்குங்கள். தலையும் கோதும் போக அரைக் கிலோ அளவில் மிஞ்சும். அமோனியா நெடி அடித்தால் வாங்கவே வேண்டாம். தலை கறுத்திருப்பது மட்டும் பழுதானதற்கு அடையாளமில்லை. ஆனால் தொட்டதும் தலை கழன்று விழுந்தால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

ஞாயிறு காலையிலேயே துப்புரவாக்கி, ஒரு வேளைக்கு ஒரு பையாக ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். இதற்குக் கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் நல்லது. முதுகுப் பக்கக் கோதைத் தலையிலிருந்து வால்வரை வெட்டினால், கறுப்புக் குடல் ஒரே இழுவையில் வந்துவிடும். தலைகளை எறிய வேண்டாம். 10 நிமிடம் கொதிக்கவைத்து வடித்து அந்தத் தண்ணீரையும் ஃப்ரீசரில் வையுங்கள். கறியின் ருசி பாதி அதில்தான் இருக்கிறது.

மற்றவை: 15 சின்ன வெங்காயம், 6 பல் உள்ளி, 2 பச்சை மிளகாய், 1 தக்காளிப்பழம், கறிவேப்பிலை, ரம்பை இலை, அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், 1 மேசைக்கரண்டி யாழ்ப்பாணத் தூள் (மிளகாய், மல்லி எல்லாம் வறுத்து அரைத்த கறித்தூள்), மஞ்சள், உப்பு, அரைக் கோப்பை கட்டித் தேங்காய்ப்பால், பாதித் தேசிக்காய்.

இனித்தான் நான் பலமுறை பிழைவிட்ட இடம். வெங்காயம் வதக்கி, இறாலைப் போட்டு, தூளும் பாலும் விட்டு வற்ற வைப்பேன். இறால் தண்ணீர் விடும். அது வற்றக் கால் மணி நேரம் போகும். அதற்குள் இறால் சுருங்கி ரப்பர் மாதிரி ஆகிவிடும், சின்னவள் மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாள். சூடு ஏற ஏறத் தசை இறுகித் தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. குழம்பு வற்றும்வரை இறால் அதற்குள் கிடக்கக் கூடாது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். இறாலைத் துணியால் நன்றாக ஒற்றி ஈரம் எடுத்து, மஞ்சளும் உப்பும் பிரட்டுங்கள். தாச்சியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் பாதி இறாலை மட்டும் பரப்புங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் தாச்சி ஆறி, மறுபடியும் தண்ணீர்தான். ஒரு பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம். எடுத்துக் கோப்பையில் வைத்துவிட்டு மீதியையும் அப்படியே செய்யுங்கள்.

அதே தாச்சியில் பெருஞ்சீரகம், வெங்காயம், உள்ளி, மிளகாய், இலைகள், அப்புறம் தக்காளி. தூளைப் போட்டுக் கிளறி, வடித்த தண்ணீரில் ஒரு கோப்பை விட்டு வற்ற விடுங்கள். பிறகு பால். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, அகப்பையால் கீறினால் தாச்சியின் அடி தெரியும் பதம் வரட்டும். அப்போதுதான் இறாலையும் கோப்பையில் ஊறிய சாற்றையும் சேர்த்து 2 நிமிடம் பிரட்ட வேண்டும்.

நிறத்தை நம்ப வேண்டாம், உள்ளே வேகுமுன்பே வெளியே சிவந்துவிடும். இறால் தூண்டில் முள் போல வளைந்தால் பதம். மோதிரம் போலச் சுருண்டால் கூடிவிட்டது. சந்தேகமென்றால் பெரியதாக ஒன்றை வெட்டிப் பாருங்கள், நடுவில் கண்ணாடித்தன்மை இருக்கக் கூடாது.

இதற்கு இரும்புத் தாச்சிதான் என் தெரிவு. மண்சட்டி எனக்கு உயிர், ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் சூடு பிடித்து வைத்து இறாலை மேலும் வேக வைத்துவிடும். இடியப்பத்தைக் கடையில் வாங்கிவிடுகிறேன், பாணும் பொருந்தும்.

பின்சேர்ப்பு: ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைக்க மறந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டீர்கள். பையோடு பச்சைத் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். சுடுதண்ணீர் வேண்டாம், ஓரம் வெந்து நடு உறைந்தே இருக்கும். பால் திரைகிறது என்றவர்களுக்கு: தேசிக்காயை அடுப்பை அணைத்த பிறகே பிழியுங்கள்.